நடுநிலையாளனும் நாப்பது ரோல்சும்

போன செவ்வாய் எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. நியூசிலாந்தில, மனுரேவாவில ஒரு கல்லூரிக்குப் போய், படிப்புக்கு எவ்வளவு உதவி கிடைக்குது எண்டு புள்ளி போடுற படிவத்தை மாணவரிட்ட நிரப்பி வாங்கவேணும்.

வேலை செய்துகொண்டு படிக்கிறவைக்கு அங்க அரசாங்கக் காசில பின்னேர உதவி வகுப்பு நடக்குது. அது பிரயோசனமோ எண்டு பாக்கிறது என்ர உத்தியோகம். வகுப்புக்கு வாறவை ஒரு அறை, வராதவை பக்கத்து அறை. ரெண்டு பகுதியையும் ஒப்பிட்டுத்தான் வகுப்பைத் தொடருறதோ மூடுறதோ எண்டு முடிவெடுப்பினம்.

படிப்பிக்கிற ஜெயந்தி அக்கா வாசலிலேயே பிடிச்சிட்டா. "தம்பி, பாத்து எழுதும். இதுகள் வேலையால நேர வந்து படிக்கிறதுகள்."

"அக்கா, நான் நடுநிலை!" எண்டன்.

நடுநிலையாளன்ர கையில நாப்பது மட்டன் ரோல்ஸ். வெறுங்கையோட ஒரு இடத்துக்குப் போறதோ? வீட்டில மனிசியைக் கெஞ்சிப் பொரிப்பிச்சது.

வகுப்பு அறையில பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து அறை முழுக்க இஞ்ச வந்திட்டுது! சாப்பிட வந்தவையைப் போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரோல்சும் குடுத்தன், படிவமும் குடுத்தன்.

பக்கத்து ஊர் மங்கரேயில சரக்கு ஏத்துற ஒருத்தர் மூண்டாவதைக் கடிச்சபடி கேட்டார், "இதுதானோ அந்த உதவி வகுப்பு?"

"ஐயோ, இது இல்லை!"

ஆற்ற காதில விழுந்தது?

மற்ற நாள் மேலதிகாரி கூப்பிட்டா. "வகுப்புக்கே போகாதவையும் முழுப் புள்ளி போட்டிருக்கினம். ஒருத்தர் 'வகுப்பு அருமை, உறைப்புத்தான் கூட' எண்டு எழுதியிருக்கிறார். வித்தியாசமே இல்லையெண்டா வகுப்பு எதுக்கு? மூடுவமோ?"

ஜெயந்தி அக்காவின்ர முகம் கண்ணுக்க வந்து நிண்டுது. எல்லாத்தையும் ஒப்புக்கொண்டன்.

மேலதிகாரி சொன்னா, "திரும்பப் போய்ப் படிவம் எடும். சாப்பாடு கூடாது."

இந்தச் செவ்வாய் வெறுங்கையோட, மானங்கெட்டுப் போய் நிண்டன். பக்கத்து அறையில ஒரு குருவி இல்லை.

"எங்க அக்கா மற்ற ஆக்கள்?"

"எல்லாரும் என்ர வகுப்பில பதிஞ்சிட்டினம், தம்பி. கதிரை காணாது!" ஜெயந்தி அக்காவுக்கு வாயெல்லாம் பல்லு. "எங்க உம்மட பெட்டி?"

முப்பது பேர் என்ர கையைப் பாத்தினம்.

வகுப்பு தொடருது. ஒப்பிடத்தான் ஆளில்லை. இனி வீட்டில மனிசி செவ்வாய்க்குச் செவ்வாய் ரோல்ஸ் பொரிக்கவேணும், அதுக்கு மட்டும் அரசாங்க உதவி இல்லையாம்.