வக்கீல் வீட்டு ஒழுக்கு

பக்கத்து வீட்டு வக்கீலின் கட்டிலில் மறுபடியும் தண்ணீர் சொட்டியது. அங்கே வேலை செய்யும் றோசமலர் வந்து சொன்னதும் இராயப்பு மெல்லப் படியேறிப் போய்ப் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டை மாடியில், சரியாக அந்தக் கட்டிலுக்கு மேலேதான், அவனுடைய கத்தரியும் வெண்டியும் பச்சை மிளகாயும் பெட்டி பெட்டியாக நின்றன.

லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோராவை, வயதான அந்த வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். முழங்கால் வருத்தத்தால் அவர் ஒரு படியும் ஏறமாட்டார் என்று, மிலானோவிலிருக்கும் அவருடைய மகன் அவனை வேலைக்கு வைத்திருந்தார். விவசாயம் சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்தால் வேலை போகும். வேலையோடு பெர்மெசோவும், இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியும், போகும். காலடிச் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதென்றே பெட்டிகளை வக்கீல் பக்கமாக வைத்திருந்தான். விளைந்ததைப் பின்னேரத்தில் பல்லரோச் சந்தையிலுள்ள தமிழ்க் கடைக்குக் கொண்டுபோவான்.

முதலில் பெட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்தான். ஒழுக்கு நிற்கவில்லை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தான். ஒழுக்கு இரண்டு மடங்கானது.

"குறைக்கக் குறைக்கக் கூடுது, தங்கச்சி."

"உங்கடை வீட்டுச் சங்கதி. நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் றோசமலர்.

யூலை வெயிலில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தண்ணீர் விடுவதையே நிறுத்தினான். கத்தரி வாடவில்லை, பூத்தது. இராயப்பு மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினான்.

அன்று சிஞ்ஞோரா தொலைக்காட்சியில் யப்பான் கிராமமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார் இராயப்பு, அங்கை கந்தோருக்குப் போறவையும் வீட்டை வந்து தோட்டம் செய்யினம். இஞ்சை ஆர் அப்பிடிச் செய்யினம்?"

"ஒருத்தரும் இல்லை, சிஞ்ஞோரா." அவன் அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தான்.

மறுநாள் வக்கீல் வீட்டுக் கூரைச் சாந்து அவருடைய சூப்புக்குள்ளேயே விழுந்தது. மனிதர் றோசமலரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேலை என்ன நடக்குது?"

"மேலையோ? என்ரை காலோடை நான் எங்கை கண்டன்?" என்றார் சிஞ்ஞோரா.

நடக்கமுடியாத மனுசி தனக்காகப் பேச்சு வாங்குவதை இராயப்புவால் பொறுக்க முடியவில்லை.

"பிழை என்ரை. தோட்டம் வைச்சது நான்தான். ஆனால் சத்தியமாய், தண்ணி விட்டு ஒரு கிழமைக்கு மேலை."

சிஞ்ஞோரா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீல் நம்பவில்லை; றோசமலரிடம் திரும்பினார்.

"நீதானே மேலை உடுப்புக் காயப்போடுறனீ. இவன் தண்ணி விடுறவனோ இல்லையோ?"

றோசமலர் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"அண்ணை விடேல்லை, உண்மைதான். அவர் பல்லரோவுக்குப் போனாப் பிறகு, ரெண்டு கையிலையும் வாளியோடை படியேறுறது சிஞ்ஞோரா."