நாமளே மேஸ்திரியும் வேர்வை வழிந்த பொம்மையும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோடு நெடுக ஆணி அடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் அந்த ஆணியையே செய்துகொண்டு வந்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஷெட்டு மேஸ்திரி.

சொந்தப் பேர் என்னவென்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எதைக் கேட்டாலும் "கடையில எதுக்குப்பா வாங்கணும், நாமளே பண்ணிக்கலாம்" என்பார். அதனால் ‘நாமளே மேஸ்திரி’ என்றே பேராகிவிட்டது. சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் பித்தளையை லேத்தில் கடைந்து மாட்டிக்கொள்வார். அந்தக் கனத்துக்குச் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். டீ குடிக்க அவரே ஒரு லோட்டா கடைந்து வைத்திருந்தார். அதைத் தூக்கி வாயில் வைக்கவே தனித் தெம்பு வேண்டும், டீ தெம்பு கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இது ஐம்பதுகளில். இன்றைக்கு ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபாக்டரி. அன்றைக்குத் தடுக்கி விழுந்தால் ராகிக் கொல்லைதான். அதற்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆயில் என்ஜின், ஒரு லேத்து. அங்கே கடலைக்காய் உடைக்கிற கைமெஷின் செய்துகொண்டிருந்தோம். மேலே காயைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழும். நல்ல மெஷின். ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. நான் அங்கே கிளார்க்கு. காவேரிப்பட்டினத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மொதலாளி எங்களைக் கூப்பிட்டார். "எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்துல, தசராப் பொருட்காட்சி போடறாங்க. விவசாய ஆபீசர் வந்து கிராமங்களுக்கு ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கப் போறாராம். நம்முது தேறலேன்னா ஷெட்டைப் புளி மண்டிக்கு விட்டுடறேன். அவங்கவங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

நான் மளிகைக் கடை பாக்கியைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். மேஸ்திரிக்கோ கண்ணெல்லாம் மின்னியது! "ஸ்டாலு போடணுமா? யாரையும் கூப்பிட வேணாம் மொதலாளி. நாமளே பண்ணிக்கலாம்!"

அன்றையிலிருந்து ஷெட்டே கல்யாண வீடு ஆகிவிட்டது. தூண் நாமளே, தட்டி நாமளே, போர்டு நாமளே, அந்தப் போர்டில் எழுதுகிற மையும் நாமளே! கரியையும் எண்ணெயையும் கலந்து அவர் காய்ச்சிய மை, போர்டில் ஒட்டியதைவிட என் முழங்கையில்தான் அதிகம் ஒட்டியது. கயிறும் நாமளே திரிக்கலாம் என்றபோது மொதலாளியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"சும்மா மெஷினை வெச்சா எவன்யா நின்னு பாப்பான்? ஆடணும், அசையணும்" என்று ஒரு பொம்பளைப் பொம்மை செய்தார். கம்பியும் தகரமும் உடம்பு, காகிதக் கூழில் தலை. பொம்மை உட்கார்ந்து மெஷினைச் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் தலையை ஆட்டும். திரைக்குப் பின்னால் சைக்கிள் பெடலை மிதிக்கிற ஆள் அடியேன். சேலையையும் நாமளே நெய்துக்கலாம் என்று ஆரம்பித்தார். நான் பதறிப்போய் வீட்டுக்காரியின் தலைதீபாவளிச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஷெட்டில் முதல் தடவை அந்தப் பொம்மை தலையாட்டியபோது வெல்டர் அப்துல் விசிலடித்தான். நான் பெடலை விட்டு இறங்கி ஓடிவந்து பார்த்தேன், பொம்மை நின்றுவிட்டது. "நீ எறங்குனா அவ எப்படிச் சுத்துவா? ஏறுப்பா!" என்று மேஸ்திரி விரட்டினார்.

அவருடைய இன்னொரு கிறுக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் தொட மாட்டார். நாங்களும்தான் தொட மாட்டோம். ஆனால் அவர் தொடாதது வேறு தினுசு. முந்தின வருஷம் அதே நாளில் மொதலாளி குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார், தாழ்ப்பாள் இறுகிவிட்டது. மேஸ்திரி வெளியே நின்று, "நாளைக்குக் காலைல மொத வேலையா தெறந்துடறேன் மொதலாளி, பசிச்சா ஜன்னல் வழியா இட்லி தரச் சொல்றேன்" என்று ஆறுதல் சொன்னார். மொதலாளியம்மா உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மட்டும், "அது கருவியில்ல, தாராளமா இடிங்கம்மா" என்று தீர்ப்புக் கொடுத்தார்.

ஆபீசர் வருகிற நாள் எது என்று நினைக்கிறீர்கள்? ஆயுத பூஜை. வேறென்ன!

லாரியில் அத்திபெலே தாண்டிப் போய் ஸ்டால் போட்டோம். விடிந்ததும் ஸ்பேனர், சுத்தி, அரம் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். பொருட்காட்சிக் கதவைத் திறந்தார்கள். கூட்டம் பொம்மையைப் பார்த்துவிட்டு எங்கேயும் நகரவில்லை. கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று பாஷையிலும் ‘அடேயப்பா’ கேட்டது. எனக்குக் குஷி தாங்கவில்லை, மிதித்தேன் பாருங்கள் ஒரு மிதி, பொம்மையின் முழங்கையில் டக்கென்று ஆணி முறிந்தது. கை தொங்கிவிட்டது.

நான் ஸ்பேனரைப் பார்த்துப் பாய்ந்தேன். மேஸ்திரி என் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"சாமிகிட்ட வெச்சதை எடுப்பியா?"

"ஆபீசர் வர்ற நேரம் மேஸ்திரி! எம் பொழப்பே போயிடும்!"

பக்கத்து ஸ்டால்காரர் பாவம், பூஜை செய்யாத ஒரு ஸ்பேனரை நீட்டினார். மேஸ்திரி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அது நாம பண்ணதில்லையே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறதே!

அவர் பொம்மையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "முன்பக்கத் திரையை இழு" என்றார்.

முன்திரை மறுபடி விலகியபோது பொம்மை ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரியின் சேலைக்குள் மேஸ்திரி. கழுத்துக்கு மேலே காகிதக் கூழ்த் தலை. உட்காரப் போவதற்கு முன்னால் என்னிடம், "நீ சும்மா பெடலை மிதி, கிறீச்சுனு சத்தம் வரணும்" என்று உத்தரவு போட்டிருந்தார். பின்திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன், சும்மா சொல்லக் கூடாது, நிஜப் பொம்மையைவிடத் தலை அழகாக ஆடியது.

வெயில் ஏறியது. பசியும் ஏறியிருக்கும் அவருக்கு. ஒரு வழியாக ஆபீசர் வந்தார், கூடவே மொதலாளி. நடந்தது எதுவும் மொதலாளிக்குத் தெரியாது, பல்லெல்லாம் தெரிய நின்றார். ஸ்டாலுக்கு முன்னால் கட்டிய கயிற்றுக்கு வெளியே முன்வரிசையில் பாகலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி பொம்மையின் கழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, பொம்மைக்கு வேர்க்குதுடி!" என்று கத்தினாள்.

திரைக்குப் பின்னால் நான் இன்னும் கிறீச்சென்று பெடலை மிதித்தேன். நல்ல வேளை, ஆபீசர் காதில் அது விழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன ஒரு வேலைப்பாடு! இதெல்லாம் நம்ம ஊர்ல எங்க பண்றாங்க? சீமையிலிருந்து வரவழைச்சீங்களா?" என்று மொதலாளியைக் கேட்டார்.

மொதலாளி வாயைத் திறப்பதற்குள் பொம்மை எழுந்து நின்றது.

"சீமையாவது மண்ணாவது! நாமளே பண்ணதுங்க சார்!"

முன்வரிசை மொத்தமும் பின்வரிசை மேல் விழுந்தது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொதலாளி மூச்சு விட மறந்துபோனார். மேஸ்திரி தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, சேலைத் தலைப்பை ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்.

"பொம்மைக்குக் கை போச்சுங்க. இன்னிக்கிக் கருவி எடுக்கக் கூடாது. நாளைக்குச் சரி பண்ணிடுவேன். மெஷினுக்கு ஒரு கொறையும் இல்ல."

"காலையிலேர்ந்து நீதான் சுத்தறியா?"

"ஆமாங்க."

"கை வலிக்கலையா?"

"கை எதுக்குங்க வலிக்குது? இந்தத் தலைக்குள்ளதான் பசை நாத்தம் கொடலைப் பொரட்டுது."

அடுத்து நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அந்தப் பாகலூர் அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். "நகருங்க சாமி, ஒரு ஆம்பளைக்கே வலிக்கலேன்னா எனக்கா வலிக்கப் போவுது?" என்று உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். பருப்பு மடமடவென்று கூடையில் விழுந்தது. "அடியே, வாங்கடி! நகத்தால உரிச்சு உரிச்சு வெரலு போச்சே, இதைப் பாருங்கடி!" என்று கூப்பிட்டாளே ஒரு கூப்பாடு! கடலை உரித்துக் காய்த்துப்போன கைகள் அத்தனையும் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தன. பொம்மை சுற்றியபோது வெளியே நின்று வேடிக்கை பார்த்த சனம், இப்போது ‘எனக்கு விடு, எனக்கு விடு’ என்று அடித்துக்கொண்டது.

ஆபீசர் பக்கத்து ஸ்டால்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் வரிசை குறையவில்லை. மொதலாளியின் தோளில் கை வைத்து, "கிராமங்களுக்கு உங்க மெஷினே போகட்டும். ஆனா அந்த ஆளைச் சேலையை மாத்தச் சொல்லுங்க" என்றார். நான் பெடலிலிருந்து இறங்கி மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சேலை கசங்குதுப்பா, உன் வீட்டுக்காரி திட்டும்" என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொம்மைக்குக் கையை மாட்டினார். அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. எல்லோரும் மெஷினைச் சுற்றுகிற மும்முரத்தில் இருந்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஷெட் மூடவில்லை. சேலையில் ஏறிய கிரீஸ் கறை மட்டும் போகவே இல்லை. என் வீட்டுக்காரி அதற்காக என்னைத் திட்டாத திட்டு இல்லை, அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தபோது அந்தச் சேலையில்தான் தூளி கட்டினோம். தூளிக்குக் கொக்கி வாங்கக் கடைக்குக் கிளம்பியவனை மேஸ்திரி வாசலிலேயே மறித்தார். மடியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தார். குழந்தைக்கு இல்லை, யானைக்குத் தூளி கட்டலாம், அத்தனை கனம். உத்தரத்தில் அவரே அடித்து, தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

போன மாசம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது சும்மாதான இருக்குது சார், புடுங்கிடட்டுமா?" என்று கேட்டான்.

"தொடாதப்பா," என்றேன், "அது எங்க மேஸ்திரி பண்ணது."