தம்பிக்கு ஒரே நாளில் இரண்டு ஓலை

அடுத்தவர் வேலைக்கு மதிப்பெண் போட்டே பழகியவர்களுக்குத் தங்கள் வேலையில் முட்டை விழுவது தெரிவதே இல்லை. நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். விளம்பரங்களைப் பிரித்து மேய்வதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நான் செய்த ஆகப்பெரிய முட்டாள்தனத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே நிற்கிறது. முதல் ஆள் நான்.

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கூப்பிட்டது. ராணுவத்தில் இருப்பவர்கள் மனசு சரியில்லை என்றால் கூச்சப்படாமல் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று சுவரொட்டி, குறும்படம், ரேடியோ விளம்பரம் எல்லாம் செய்திருக்கிறார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று மதிப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டுமாம். நான் உடனே தலையாட்டினேன். என் அம்மா ஊர் புன்னைக்காயலுக்குத் தெற்கே, கடலோரம் (பெயரைச் சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு என்னை உள்ளே விட மாட்டார்கள்). அங்கே பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. என் தம்பி மெல்வினே பட்டாளம்தான். திருவிழாவுக்கு அவனையும் சேர்த்து ஏழு பேர் லீவில் வந்திருந்தார்கள்.

சுவரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கால் அளவு பனி. அதில் ஒரு சிப்பாய் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் தன் நெற்றியும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, 'வீரனே, பேசு!' அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில், கல்யாண ஓலைக்கும் மீன் ஏல அறிவிப்புக்கும் நடுவில் அதை ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் அரை நிமிடம் நின்றால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விடும். எந்த வீரன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்வான்?

என்னிடம் தந்த கேள்வித்தாளில் வாசகம் நினைவிருக்கிறதா, நிறம் கவர்ந்ததா, படத்திலிருக்கும் வீரரின் முகத்தில் நம்பிக்கை தெரிகிறதா என்று கேள்விகள் இருந்தன. அந்த எண்ணுக்கு யாராவது போன் போட்டார்களா என்று மட்டும் கேள்வி இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "அது நம்ம ஸ்கோப்ல வராது மேடம்" என்றார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். படித்த கழுதை.

சனிக்கிழமை காலை அம்மா வீட்டுப் பின்கட்டில் மெல்வின் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். மூன்றே வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். பக்கத்து ஊர் ஜெசிந்தாவைப் பேசி முடித்து, மறுநாள்தான் கோயிலில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். (எங்கள் பக்கம் கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை.) கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் இருந்தான். கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். "யக்கா, அந்தப் போஸ்டர்ல போட்டிருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டா யூனிட்டுக்குத் தெரிஞ்சிருமா?"

தன் அக்காவிடம் ஒரு மனிதன் எவ்வளவு நாள் யோசித்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருப்பான்! நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ, அருமையான கேள்வில! இரு இரு, இன்னொருக்கச் சொல்லு" என்று பையைத் திறந்து நோட்டை எடுத்தேன்.

அவன் கத்தியைக் கழுவினான். "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்று எழுந்து போய்விட்டான். நான் மகிழ்ச்சியோடு எழுதினேன்: 'இலக்குப் பார்வையாளரிடம் ஆர்வம் உண்டாகியிருக்கிறது.'

அதோடு நின்றேனா? ஏழு பேரையும் ஞாயிறு மத்தியானம் ஒரு குழு விவாதத்துக்கு உட்கார வைக்க நினைத்தேன். வெயிலில் ஏழு வீட்டுக்கு நடக்க வேண்டும். சோம்பல். நிறுவனத்தின் அச்சிட்ட தாளிலேயே ஏழு பெயரையும் எழுதி, கோயில் வேலைகளில் பங்குச்சாமியாருக்கு உதவும் உபதேசியாரிடம் கொடுத்து, "இவங்ககிட்ட மட்டும் சொல்லிருங்க, மூணு மணிக்குப் பங்கு மண்டபம்" என்றேன். தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'மனநல உதவி நாடும் படைவீரர்கள்' என்று அச்சடித்திருந்தது. உபதேசியார் நல்ல மனிதர். ஆனால் நாற்பது வருடமாக அவர் யார் வீட்டுக்கும் நடந்துபோய் எதையும் சொன்னதில்லை. அவருக்குத்தான் மைக் இருக்கிறதே. பெயர் எழுதிய தாள் கையில் வந்தால் அதை ஞாயிறு பூசையில் வாசிப்பது அவருக்குத் தெரிந்த ஒரே வேலை.

வாசித்தார். முதலில் மெல்வின், ஜெசிந்தா கல்யாண ஓலை. பெண் வீட்டார் இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தாளை எடுத்தார். அதே குரல், அதே ராகம். "மனநல உதவி நாடும் படைவீரர்கள். முதல் ஓலை." ஏழு பெயரும், ஏழு பேரின் தகப்பன் பெயரும் (என் தாளில் தகப்பன் பெயர் கிடையாது, அவரே சேர்த்துக்கொண்டார்). நாலாவது என் தம்பி. முடிவில், "இவர்களுக்கு யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கோபுரத்தில் நாலு திசைக்கும் கூம்பு ஒலிபெருக்கி. பூசைக்கு வராமல் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சேதி போய்விட்டது. பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் அறை வாசலில் தடை தெரிவிக்க ஒரு கூட்டம் நின்றது. ஏழு பேரில் ஒருவன் சின்ன வயதில் பேய்க்கனவு கண்டு கத்தியதை ஒரு மாமி ஞாபகமாகச் சொன்னாள். அந்த மாமிமேல் எனக்கு இன்றும் கோபம். வழியில் பார்த்தால் பேசுவதில்லை.

மூன்று மணிக்கு மண்டபத்தில் நானும் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு தட்டு வடையும். ஏழு பேரில் ஒருவன் லீவு முடியும் முன்பே ரயிலேறிவிட்டான். ஜெசிந்தாவின் அப்பா ஆள் விட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளைக்குச் சித்தம் சரியில்லன்னு கோயில்லயே வாசிச்சிட்டாவ. இனி என்ன பேச்சு?"

மெல்வின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் ஒன்ட்ட ஒரு கேள்விதானக்கா கேட்டேன்" என்றான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். இத்தனை நாள் அதன் நிறத்துக்கும் எழுத்தளவுக்கும் மதிப்பெண் போட்டவள், அன்றுதான் முதல்முறையாக அதை அழுத்தினேன். மறுமுனையில் ஒரு சலிப்புக் குரல். "படை எண், ரேங்க், யூனிட் சொல்லுங்க."

"பேர் சொல்லாம பேச முடியாதா?"

"முடியாது மேடம். என்ட்ரி போடணும். யூனிட்டுக்கும் ஒரு காப்பி போகும்."

தெரிஞ்சிருமா என்று தம்பி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. தெரிந்துவிடும். வீரனே, பேசு! பேசினால் உன் அதிகாரி மேஜைக்குக் காகிதம் போகும். போனை வைத்துவிட்டு, அந்தச் சுவரொட்டியை எழுதியவன், வரைந்தவன், அச்சடித்தவன் எல்லோரையும் எங்கள் ஊர்க் கடற்கரைப் பேச்சில் வைதேன். அம்மா உள்ளேயிருந்து, "ஏளா, யார்ட்டளா பேசுத?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு. உபதேசியார் வந்தார், மைக்கைத் தட்டினார், தாளைப் பிரித்தார். "மனநல உதவி நாடும் படைவீரர்கள். இரண்டாம் ஓலை."

ஓலை என்றால் மூன்று முறை வாசிக்க வேண்டுமே! தாளைத் திருப்பி வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வாரமாகத் தோன்றவில்லை. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "யோவ் உபதேசியாரே! எத்தன வாட்டிய்யா வாசிப்பீரு? எம்புள்ளக்கித் தூக்கம் வரல, அதுக்கு ஊரையே எழுப்புவீரோ?"

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நோட்டும் கேள்வித்தாளும் இல்லாமலே தெரிந்திருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தோம். கோயில் வளாகத்தில் மெல்வினைச் சுற்றி யாரும் நிற்காமல் இரண்டு கையையும் விரிக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து அன்றும் பூசைக்கு வந்திருந்த ஜெசிந்தா அந்த இடத்தைத் தாண்டி நேராக அவனிடம் வந்தாள். அவள் அப்பா பின்னாலேயே, "ஏளா, இங்கன வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் காதில் வாங்கவில்லை.

"நீங்க உறங்குதியளா?" என்று கேட்டாள்.

மெல்வின் தரையைப் பார்த்தான். "இல்ல."

"எத்தன நாளா?"

"லீவுக்கு முந்தியே. மலையில என்கூட இருந்த பையன் ஒருத்தன்... அதுல இருந்து."

"சரி. நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போவம். அங்கன ஒரு டாக்டர் இருக்காவ. ரெண்டு பஸ் மாறணும், சாப்பிட்டுட்டு வாங்க."

அப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பி, ஊர் கேட்கச் சொன்னாள்: "தடை உண்டான்னு ரெண்டு வாட்டி கேட்டாவல்லா. எனக்குத் தடை ஒண்ணும் இல்ல."

அவர்கள் போனார்கள், சிகிச்சை நடந்தது, சில வாரம் தள்ளிக் கல்யாணமும் நடந்தது. இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

என் அறிக்கையில் அந்தத் தொலைபேசிப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, இந்த எண்ணை முதலில் மாற்றுங்கள் என்று அனுப்பினேன். பாராட்டிப் பதில் வந்தது. மதிப்பீடு செய்த இடங்களிலேயே எங்கள் ஊரில்தான் வாசகம் மக்கள் மனதில் மிக ஆழமாகப் பதிந்திருக்கிறதாம். பதியாமல்? இரண்டு ஓலை வாசித்திருக்கிறோம்! எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த சுவரொட்டியில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். அதே எண், இன்னும் பெரிய எழுத்தில்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் வேலை செய்யவில்லை. கல்லூரியில் முதல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். எண் போட்ட விளம்பரம் எதைப் பார்த்தாலும், மதிப்பெண் போடும் முன் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால், "சொல்லுதியா, ஓலை வாசிக்கட்டுமா?" என்று அம்மா இன்றும் மிரட்டுகிறாள். எல்லோரும் சிரிப்போம், மெல்வின் உட்பட. அவனிடம் மட்டும் எனக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. யூனிட்டிலிருந்து போன் செய்வான். எப்படில இருக்க, உறங்குதியா என்று கேட்பேன். உடனே பதில் சொல்ல மாட்டான். "யக்கா, மொதல்ல நோட்டக் கீழ வையி" என்பான். என் கையில் நோட்டே இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும், "வச்சிட்டம்ல, சொல்லு" என்றுதான் சொல்கிறேன்.