தொழிற்பாடு உண்டு

எருக்கலம்பிட்டியின் ஒரு குறுக்குத் தெருவில் நின்ற குழாய்க்கிணறு பதினொரு மாதமாகத் தண்ணீர் தரவில்லை. இதனை முன்னிட்டு, மேன்மைதங்கிய அரசாங்கக் கந்தோர் ஒரு படிவத்தையும் அதை நிரப்ப மில்ரன் என்ற உத்தியோகத்தரையும் அனுப்பிவைத்தது. படிவத்தில் ஒரே கேள்வி: "தொழிற்பாடு உண்டா, இல்லையா?"

பள்ளிவாசல் கிணற்றிலிருந்து குடம் சுமந்து முழங்கால் தேய்ந்துபோன றஹீமாவுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"இல்லையெண்டு எழுதுங்கோ தம்பி. அடிச்சா காத்துத்தான் வருது."

மில்ரன் சமூகவியல் பட்டதாரி. பாவம், படித்ததை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா?

"அவசரப்படாதேங்கோ அக்கா. சமூகத்தில ஒண்டு நிலைச்சு நிக்குதெண்டா அதுக்கொரு தொழிற்பாடு, அதாவது ஒரு பயன், இருக்கும். கிணறு பழுதானதால என்ன நடந்தது?"

"கால் வீங்கினது."

"அது தனிமனிதப் பிரச்சினை. சமூகத்துக்கு?"

கூடி நின்ற தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? பள்ளிவாசல் கிணற்று வரிசையில்தான், சண்டைபிடித்திருந்த மாமியோடு திரும்பக் கதைத்ததாகப் பக்கத்து வீட்டு ஸஜானா சொன்னாள். தேர்தலில் யாருக்குப் போடுவதென்று அங்கேதான் முடிவெடுத்தோம் என்றார் சைக்கிளில் தண்ணீர்க் கலன் கட்டிவரும் வஸீர்.

"உங்கட மகன் ஷிராஸுக்குப் பொம்பிளை பொருந்தினதும் அங்கதானே ராத்தா?" என்று ஸஜானா றஹீமாவைக் கேட்டாள்.

ஒற்றுமை, சனநாயகம், திருமணம் என்று எழுதி மில்ரன் முத்திரை குத்தினார்: தொழிற்பாடு உண்டு. தொழிற்படுகின்ற ஒன்றைத் திருத்தச் சுற்றுநிருபத்தில் இடமில்லை.

றஹீமாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மகனின் பழைய தோல் செருப்பை வளையமாக வெட்டி, பம்பைக் கழற்றி, தேய்ந்துபோன வாசருக்குப் பதிலாகத் தானே உள்ளே போட்டாள். தண்ணீர் பீறிட்டது.

இரண்டு கிழமையில் மில்ரன் மறுபரிசோதனைக்கு வந்தார்.

"தண்ணி வருது, பாருங்கோ."

"அது சரி அக்கா. வரிசை?"

"இல்லை."

"கூடிக் கதைக்கிறது?"

"அவனவன் வீட்டோட."

"சம்பந்தம்?"

"எங்க? என்ர மகள் இன்ஷிராவுக்கே ஒண்டும் வரேல்லை."

மில்ரன் மெய்யான துக்கத்தோடு எழுதினார்: தொழிற்பாடு இல்லை. தொழிற்பாடற்ற அரச உடைமை அப்புறப்படுத்தப்படல் வேண்டும் என்பது விதி. பின்னேரமே உழவு இயந்திரம் வந்து பம்பை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலை பள்ளிவாசல் கிணற்றடியில் வரிசை தெருமுனைவரை நின்றது. றஹீமா முழங்காலைப் பிடித்தபடி கடைசியில் சேர்ந்தாள். கந்தோரை, படிவத்தை, மில்ரனைப் படிப்பித்தவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் திட்டினாள். தெரு முழுவதும் சேர்ந்து திட்டியது. இவ்வளவு ஒற்றுமையை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை.

திட்டி முடித்து மூச்சு வாங்கியவள், முன்னால் நின்ற ஸஜானாவின் காதோரம் குனிந்தாள்.

"அது கிடக்கட்டும். இன்ஷிராவுக்கு எங்கயும் ஒரு மாப்பிள்ளை இருக்கா?"