தயங்காமல் கேட்கும் வாசகர்கள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலி அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நிற்க, நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலையிலிருந்து என்னை நீங்களே சொல்லி விடுவிக்க வேண்டும். காரணத்தைக் கேளுங்கள்.

நான் ஆயுசு முழுக்க மிக்சிக்கும் சலவை இயந்திரத்துக்கும் கையேடு எழுதியவன். ஒருத்தரும் படித்ததில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அந்தக் கையேடுகூட நான் எழுதியதுதான், பார்த்தேன், வருத்தமெல்லாம் இல்லை. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து உங்கள் சிநேகிதியான மேலாளர் அம்மா சொன்னார்: "சார், நம்ம சாஃப்ட்வேரை ஏஐ ஏஜென்ட்டுங்கதான், அதாவது தானா வேலை செய்யற கம்ப்யூட்டர் புரோகிராமுங்கதான், சோதிச்சுப் பாக்குது. அதுங்க எதையும் உடைச்சிடாம இருக்கத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுக்கிற கருவி இருக்கு. உள்ள என்ன வேணா பண்ணலாம், முடிஞ்சதும் உள்ள இருக்கறத அழிச்சுத் துடைச்சிடணும். அதுக்குத்தான் கையேடு. படிக்கப்போறது மனுஷங்க இல்ல, ஏஜென்ட்டுங்க. வரி விடாம படிக்கும், எழுதினத அப்படியே செய்யும்." மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாளே ஆரம்பித்தது. 'ஃபோல்டர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கவும்' என்று எழுதினேன். ஏஜென்ட் பார்த்தது. மறுபடி பார்த்தது. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தது. "பாத்துட்டு என்ன செய்யணும்னு நீங்க எழுதலையே" என்றார் மேலாளர். "மனுஷனா இருந்தா அடுத்த வேலைக்குப் போயிருப்பான் மேடம்" என்றேன். "மனுஷனா இருந்தா படிச்சிருக்கவே மாட்டான் சார்" என்றார்.

அதையும் திருத்தி முடித்து, வழக்கம்போலக் கடைசியில் 'ஐயம் ஏதேனும் இருப்பின் தயங்காமல் அணுகவும்' என்று போட்டு என் கைபேசி எண்ணையும் கொடுத்துத் தொலைத்தேன். எல்லாக் கையேட்டிலும் போடுகிற வரிதானே, தெருவில் எதிர்ப்பட்டவரிடம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான். இதுகள் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டன! குளிக்கப் போனால் கைபேசியில் கேள்வி, செருப்பு மாட்டினால் கேள்வி. அதுவும் சும்மா கேட்காது, என் வரியை ஒரு எழுத்து விடாமல் மேலே எழுதி, கீழே கேட்கும். 'சோதனை முடிந்ததும் ஃபோல்டரைத் துடைக்கவும் என்று கூறியுள்ளீர்கள். சோதனை முடிந்தது. துடைக்கட்டுமா?' உங்கள் தங்கை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷத்துல என்னைக் கேட்டு நீங்க ஒரு காரியம் செஞ்சிருப்பீங்களா? அதுங்களப் பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆளில்லை.

போன வாரம் முடிதிருத்தும் கடையில் முகம் முழுக்க நுரையோடு, தொண்டையில் கத்தியோடு இருக்கும்போது ஒரு கேள்வி வந்தது. நீளமாக இருந்தது. யார் படிப்பது? "எல்லாத்தையும் துடை" என்று தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், மச்சான், இப்படி இருந்தது: 'தேவையான எதையும் இந்த ஃபோல்டரில் வைக்காதீர்கள் என்று கூறியுள்ளீர்கள். உங்கள் கையேடு இதில்தான் உள்ளது. ஆகவே அது தேவையற்றது என்று கொள்கிறேன். அதையும் சேர்த்துத் துடைக்கட்டுமா?'

ஆமாம், கையேட்டை அங்கேதான் வைத்திருந்தேன். அங்கே என்ன செய்தாலும் சேதமில்லை என்று நானே எழுதியதை நம்பி வைத்தேன். தேவையானதை வைக்காதீர்கள் என்ற அடுத்த வரியையும் நானேதான் எழுதினேன். ஊருக்குத்தான் உபதேசம். கையேடு போயே போய்விட்டது, வேறு பிரதி கிடையாது, விடிந்தால் மேலாளர் பார்க்க வேண்டும், பார்த்துப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். உங்கள் தங்கைதான் காப்பாற்றினாள். "அதுங்க அனுப்பின கேள்வியில எல்லாம் உங்க வரி இருக்குமே" என்று கைபேசியைப் பிடுங்கி, அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் எழுதினேன். பதில்களையும் கூடவே சேர்த்துவிட்டோம். மேலாளர் படித்துவிட்டு, "பழையதைவிட இது நல்லாருக்கு சார்" என்று வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். நிரந்தரம் என்றால் என்ன அர்த்தம்? சாகிறவரை கேள்வி! ஆகவே எப்படியாவது பேசி என்னை மீட்டுவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நிம்மதியிழந்த மாப்பிள்ளை

பி.கு. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். என் அவஸ்தையைப் பார்த்து மேலாளர் நேற்று 'தயங்காமல் அணுகவும்' என்ற அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டார். அதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. நிம்மதியாகக் குளித்தேன், என்னமோபோல் இருந்தது. கைபேசி கெட்டுப்போயிற்றோ என்று உங்கள் தங்கையை விட்டுக் கூப்பிடச் சொன்னேன், நன்றாகத்தான் அடிக்கிறது. மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னால் அந்த அம்மா கேட்பார், அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் அதே வரி இருக்கும். மேசை ஆடினால் ஆடட்டும், ஒருதரம் எடுத்துப் படித்துவிட்டு, சந்தேகம் இல்லாவிட்டாலும் கூப்பிட்டு ஏதாவது கேளுங்கள்.