வாட்ச் கட்டினவங்க கையில கொடி

திருட்டா? சுந்தரவல்லி அம்மா தன் புருஷனுக்கு வரவேண்டிய கொடியைத் திருடிட்டாங்களா? சுப்பராமன் சார், இருநூறு பேர் இருக்கிற ரன்னர்ஸ் குரூப்ல விடியக்காலை நாலே முக்காலுக்கு இப்படிப் போட்டிருக்கீங்களே, ஷூ லேஸ் கட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்ல? நடந்தது இதுதான். முழுசாப் படிங்க.

அந்தம்மாவோட புருஷன் சிதம்பரநாதனுக்கு அறுபத்தி நாலு வயசு. தி.நகர்ல ஜவுளிக்கடை, பெசன்ட் நகர்ல வீடு. பதினோரு ஃபுல் மாரத்தான் ஓடின கால். குனிய முடிஞ்சா அந்தக் காலைத் தொட்டு அவரே கும்பிட்டுக்குவாரு.

ஜனவரி ஓட்டத்துல அறுபது தாண்டினவங்களுக்குன்னு பத்து கிலோமீட்டர். அவங்களுக்கு முன்னாடி கொடி பிடிச்சு ஓடப்போறது யாருன்னு கோச் கிரீஷ் ஜூன்லயே சொல்லிட்டாரு: "ஆறு மாசம் யாரு என் பிளானை ஒரு நாள் விடாம பண்றீங்களோ, அவங்கதான். நீங்க கட்டியிருக்கிற வாட்ச்லேர்ந்து எல்லாம் என் போனுக்கு வந்துடும்."

சிதம்பரநாதனுக்கு அந்தக் கொடி வேணும். கடையில மாட்டறதுக்கு ஆணிகூட அடிச்சாச்சு.

பிளானைப் பார்த்தாரு. திங்கள் ரெஸ்ட். செவ்வாய் நாலு கிலோமீட்டர், பேசிக்கிட்டே ஓடற வேகம்தான். புதன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எந்திரிக்கணும். நாலாவது வாரம் எல்லாமே பாதி.

"என்ன பிளான் இது, பிரசவத்துக்கு வந்தவளுக்குக் குடுத்த சீட்டு மாதிரி!" பொண்டாட்டிகிட்ட பொருமினாரு.

"வயசானா உடம்பு ஆற நாளாகும்னுதானே சொல்றாரு?"

"வயசா? யாருக்கு?"

"எதிர்வீட்டுக்காரருக்கு."

அன்னிக்கு சாயந்திரமே ஐடியா வந்துடுச்சு.

"வல்லி, கையை நீட்டு."

வாட்சைக் கட்டிவிட்டாரு.

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் கையில ஏதாவது போடணும்னு தோணுச்சா?"

"ரெஸ்ட் நாள்ல நீ இதைக் கட்டிக்கிட்டு சும்மா இரு. நான் திருவான்மியூர் வரைக்கும் ஒரு ஓட்டம் விட்டுட்டு வந்துடறேன். கிரீஷுக்குத் தெரியவே தெரியாது."

"செவ்வாய்க்கிழமை மெதுவா ஓடணுமே?"

"அதையும் நீயே ஓடு. உன் ஸ்பீடுதான் அதுக்குக் கரெக்டு."

"புதன்?"

"அதுவும் நீதான்."

"அப்ப நீங்க எதுக்குங்க?"

"கொடி பிடிக்க!"

அப்புறம் என்ன? அவரு தினமும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் வரைக்கும் பறந்தாரு. அந்தம்மா பக்கத்து வீட்டு ஜைதூன் பீயைக் கூட்டிக்கிட்டு கடலோரம் ஒல்காட் குப்பம் பக்கமா மெதுவா ஓடினாங்க. பேசிக்கிட்டே ஓடணும்கிற ரூலை ரெண்டு பேரும் ஒரு நாள்கூட மீறல. செப்டம்பர் வரும்போது வாட்ச் வாரத்துல ஏழு நாளும் அவங்க கையிலதான்.

கிரீஷ் மெசேஜ் மட்டும் இவரு போனுக்கு வரும். "உங்க வாட்ச் பிரமாதம் சார்! ரெஸ்டிங் ஹார்ட் ரேட் அம்பத்தி எட்டு!" அதைக் கடைக்கு வர்ற கஸ்டமருக்கெல்லாம் சத்தமாப் படிச்சுக் காட்டுவாரு. படிச்சுட்டு ஸ்டூலை விட்டு எந்திரிச்சா, முட்டி எண்ணெய் போடாத கடை ஷட்டர் மாதிரி கத்தும்.

"ஏங்க, என்ன சத்தம் அது?"

"ஸ்பீடு சத்தம்."

"ஒரு நாளாவது ரெஸ்ட் எடுங்களேன்."

"அதான் நீ எடுக்கறியே!"

நேத்து ஞாயித்துக்கிழமை பீச்ல அறிவிப்பு. சிதம்பரநாதன் புது டீ ஷர்ட், தலைக்கு டை. கிரீஷ் கொடியைத் தூக்கினதும் ஒரு அடி முன்னால வெச்சாரு. முட்டி கடக். கிரீஷ் அவரைத் தாண்டிப் போனாரு.

"வாங்கம்மா, சுந்தரவல்லி அம்மா!"

"தம்பி, என் வாட்ச்பா அது!"

கிரீஷ் போனைக் காட்டினாரு. ஜூன் மாசம், வாட்ச் கட்டின அன்னிக்கே அந்தம்மா அனுப்பின மெசேஜ்: "தம்பி, அவரு வாட்ச் இனிமே என் கையில. நானும் மெம்பரா சேர்ந்துட்டேன். அவரு கேக்க மாட்டாரு. எனக்கும் அறுபத்தி ஒண்ணு ஆச்சு, பிளானை எனக்குத் தகுந்தாப்ல போட்டுருங்க."

அதுக்கப்புறம் ஆறு மாசமா வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்தது கிரீஷ் அந்தம்மாவுக்குப் போட்டுக் குடுத்தது, அவரு பிளானே இல்ல. மனுஷன் திருட்டுத்தனமா டிமிக்கி குடுத்தது பொண்டாட்டி பிளானுக்கு!

இன்னிக்கு திங்கள். அந்தம்மா காலை நீட்டி உட்கார்ந்து காபி குடிக்கறாங்க. அவருக்கும் ரெஸ்ட்தான், முட்டியில ஐஸ் பை. ஆறு மாசத்துல முதல் தடவையா பிளான்படி நடக்கறாரு.

இப்ப சொல்லுங்க சுப்பராமன் சார். வாட்சைக் கழட்டிக் குடுத்தது யாரு, ஓடினது யாரு? திருடினது யாரு? தனியா மெசேஜ் போடற வேலையெல்லாம் வேணாம். அந்த இருநூறு பேரும் பார்க்கற மாதிரி, இதே குரூப்ல, பதில் போடுங்க!