சட்டப்படி வேலை என்ற குற்றம்

உச்சிநாட்டில் மன்னர் மலைமேல் இருந்தார். நெல் அடிவாரத்தில் விளைந்தது. நடுவில் தொள்ளாயிரம் படிகள். ஆகவே அரண்மனைச் சோறு முழுவதும் சுமைக்காரர்களின் தலைமேல்தான் ஏறிப் போயிற்று. மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து நின்றவர்களின் மனுக்களில் மட்டும் ஏதாவது ஒரு பிழை இருந்துவிடும்.

வழியில் ஆறு சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. தலையுயரத்தில் கிடந்த அவற்றின்மேல், யார் உதவியும் இல்லாமல் மூட்டையைச் சரித்து வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அமைச்சர் வரகுணர் ஒருநாள் பல்லக்கில் போகும்போது அவற்றைக் கண்டார்.

"இவை சோம்பலின் ஆசனங்கள்!" என்றார். கற்கள் பெயர்க்கப்பட்டு, வழியோரத்தில் மன்னர் சிலைக்குப் பீடமாயின.

அந்த வாரமே சுமைக்காரன் மாயாண்டிக்குக் கழுத்து பிசகிற்று. தலையைத் திருப்ப முடியாமல் படுத்துவிட்டான். அவன் மூட்டையை மனைவி இருளாயி தூக்கினாள். அடுத்த கழுத்து தன்னுடையதுதான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வேலையை நிறுத்திவிடலாம் என்று சுமைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் ஆணை வந்தது: வேலையை நிறுத்துவோருக்குச் சிறை.

அடிவாரத்தில் ஒரு சட்டக் கல்வெட்டு உண்டு. ஆடுகள் முதுகு உரசிக்கொள்ள அது பயன்பட்டு வந்தது. இருளாயி எழுத்தர் ஏகாம்பரத்தை அழைத்து வந்து அதை வாசிக்கச் சொன்னாள்.

"பத்துப் படிக்கு ஒரு நாட்டுக் கொடி. கொடிதோறும் நின்று இரு கைகளாலும் வணங்க வேண்டும். சுமையோடு வணங்குவது அவமதிப்பு," என்று வாசித்தவர், "இதையெல்லாம் யாரும்மா பார்க்கிறா?" என்றார்.

"இனிமே நாங்க பார்க்கிறோம்யா."

மறுநாள் தொண்ணூறு கொடிகளிலும் மூட்டைகள் இறங்கின. கைகள் நிதானமாகக் குவிந்தன. மன்னர் இலை போட்டு உட்கார்ந்தபோது அரிசி பாதி மலையில் இருந்தது. வரகுணர் இறங்கி ஓடிவந்தார்.

"ஏன் இந்தத் தாமதம்?"

"கும்பிடுறோம் சாமி. அவசரமாக் கும்பிட்டா குத்தமாமே, அதுவும் கல்லுல இருக்கு," என்றாள் இருளாயி.

கொடி வணக்கத்தை ரத்து செய்ய முடியாது. அடுத்த தேர்தலே அந்தக் கொடியை நம்பித்தான். ஆகவே, சுமைக்காரர்கள் சட்டத்தை அப்படியே கடைப்பிடிப்பது ராஜத்துரோகம் என்று ஆணை பிறந்தது. குற்றத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே! ஏகாம்பரம் யோசித்து, 'சட்டப்படி வேலை' என்று எழுதினார். உச்சிநாட்டில் அந்தச் சொல் வந்தது அப்படித்தான்.

இருளாயியைப் பிடித்து மேலே கொண்டுபோக ஒரு காவலன் வந்தான். முதல் கொடியில் ஈட்டியையும் கேடயத்தையும் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"தம்பி, இது துரோகமாச்சே?"

"ஆணை சுமைக்காரங்களுக்குத்தான்க்கா. எங்களுக்குப் பழைய சட்டம்தான். நீங்களும் செத்த உக்காருங்க. இன்னும் எண்பத்தொன்பது கிடக்கு."

பிடிக்க வந்த காவலர்கள் எல்லாரும் கொடிக்குக் கொடி நின்றுவிட்டதால், சுமைக்காரர்களும் பயமில்லாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அரண்மனையில் கஞ்சிக்குக்கூட அரிசி இல்லை. "அவளை விடுங்கள், கல்லைக் கொடுங்கள், சோறு வரட்டும்," என்றார் மன்னர். பீடத்திலிருந்து முதல் கல்லை உருவினார்கள். சிலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பழைய இடத்தில் தலையுயரத்துக்குத் தூக்கி வைத்த அந்தக் கல்லில் இருளாயி மூட்டையைச் சரித்தாள். கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. பிறகு சாய்ந்து நின்ற சிலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு கல்லு இருக்கு சாமி."